வீடு விற்கும் முன் எதைச் சீரமைக்க வேண்டும்? பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை

பாலக்காடு: கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் கணிசமாக வசித்து வருகின்றன. பிள்ளைகளின் வேலை அல்லது படிப்பு காரணமாகக் கோவை, திருப்பூர், தேனி போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்வோர், சொந்த வீட்டை விற்க முடிவு செய்ததும் முதலில் பெயிண்டரைத்தான் அழைக்கின்றனர். ஆனால், இப்பகுதிகளில் வீட்டு விற்பனை தடைபடுவதற்குச் சுவரின் நிறம் காரணமாவது அரிது. அனுமதியின்றிக் கட்டிய ஓர் அறையோ, வருவாய்ப் பதிவேட்டில் உள்ள ஒரு சொல்லோ போதும்.

விரிசலும் ஈரமும்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பகுதிகளில் கேரளாவின் பிற இடங்களில் அதிகம் காணப்படாத கரிசல் மண் உள்ளது. இந்த மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் தன்மை கொண்டது. அதற்கேற்ப அடித்தளம் அமையாத வீடுகளில் சுவர்கள் சாய்வாக விரிசல் விடுகின்றன. விரிசலைப் புட்டி வைத்து அடைத்து வண்ணம் பூசினால், அடுத்த கோடையிலேயே அது மீண்டும் தெரியத் தொடங்கும். விலை பேச வருபவர் ஒருமுறை கோடையிலும் மறுமுறை மழையிலும் வந்து பார்ப்பது இங்கு வழக்கமே. எனவே, கட்டடப் பொறியாளரிடம் காட்டி விரிசலின் காரணத்தை அறிந்து, சுவரை ஒட்டி மழைநீர் தேங்காதபடி வடிகால் அமைப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். அதற்கான செலவு, வீடு முழுவதும் வண்ணம் பூசுவதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

இடுக்கியின் நிலைமை வேறு. மூணாறு, தேவிகுளம் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். அம்மாதங்களில் வெளிப்பூச்சு வேலையைத் தொடங்குவது பணத்தை வீணாக்குவதாகும். மழை ஓய்ந்து சுவர் உலர்ந்த பின்னரே பூச்சு நிலைக்கும். தகரக் கூரையில் துருப்பிடித்த ஆணித் துளைகள், ஓட்டுக் கூரையில் நகர்ந்த ஓடுகள், வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவரில் அடைபட்ட நீர்த் துளைகள் ஆகிய மூன்றையும் சரிசெய்வது அவசியம். 2018 பெருமழை, 2020ஆம் ஆண்டு பெட்டிமுடி நிலச்சரிவு ஆகியவற்றுக்குப் பிறகு, மலைச்சரிவில் வீடு வாங்குவோர் வரவேற்பறையைப் பார்க்கும் முன்பே வீட்டின் பின்புறம் சென்று மண்சுவரைப் பார்க்கின்றனர். முற்றத்தைப் பெரிதாக்குவதற்காகச் சரிவை வெட்டுவது ஆபத்தானது மட்டுமல்ல, விற்பனைக்கும் பாதகமானது.

எதற்கு அனுமதி தேவை?

2019ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி வண்ணம் பூசுதல், சுண்ணாம்பு அடித்தல், பூச்சு வேலை, சிறு பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. புதிய அறை சேர்ப்பது, மாடி எழுப்புவது ஆகியவற்றுக்கு அனுமதி கட்டாயம். மொட்டை மாடியில் தகடு வேய்வதற்கு முன்பும் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. வாங்குபவர் வங்கிக் கடனை நாடினால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் வீட்டின் தற்போதைய அமைப்பும் பொருந்துகின்றனவா என்பதை வங்கியின் மதிப்பீட்டாளர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் கடன் நிற்கும், விற்பனையும் நிற்கும்.

பரப்பளவு கூடினால் வரியும் கூடும். 278.7 சதுர மீட்டருக்கு, அதாவது 3,000 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கேரளாவில் ஆண்டுதோறும் கூடுதல் வரி விதிக்கப்படுகிறது. அந்த எல்லையை ஒட்டியுள்ள வீட்டில் விற்பனைக்காக ஓர் அறையைச் சேர்ப்பவர், வாங்குபவருக்கு நிரந்தரச் செலவு ஒன்றையும் சேர்த்தே கொடுக்கிறார்.

கிணறும் கவனிக்கத்தக்கது. கழிவுநீர்த் தொட்டிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. கிணற்றைத் தூர்வாரி, நீரைப் பரிசோதித்த சான்றைக் கையில் வைத்திருந்தால், தண்ணீர்த் தட்டுப்பாடு நிலவும் சித்தூர் வட்டாரத்தில் அது புதிய சமையலறையைவிடப் பேரத்துக்கு அதிகம் உதவும்.

'நிலம்' என்றால் வயல்

தமிழ்நாட்டிலிருந்து வருவோரைக் குழப்பும் சொல் ஒன்று உண்டு. தமிழில் 'நிலம்' என்பது பொதுச்சொல். கேரள வருவாய்ப் பதிவேடுகளிலோ 'நிலம்' என்றால் நெல்வயல். வீட்டு மனை, தோட்டம் போன்றவை 'புரையிடம்' எனக் குறிக்கப்படும். வீடு கட்டிப் பல ஆண்டுகள் ஆகியும் நிலவரி ரசீதில் 'நிலம்' என்றே இருந்தால், 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். வகைமாற்றத்துக்கு வருவாய்த் துறையிடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருப்பதால், வீட்டுச் சீரமைப்பைத் தொடங்கும் முன்பே ரசீதைப் பார்ப்பது உத்தமம். மலையாளம் வாசிக்கத் தெரியாதவர்கள், பத்திர எழுத்தரிடம் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுத் தெளிவது நல்லது.

இடுக்கியில் சிக்கல் பட்டா நிபந்தனையில் உள்ளது. 1964ஆம் ஆண்டின் நிலப் பதிவு விதிகளின் கீழ் வழங்கப்பட்ட பட்டாக்கள் பெரும்பாலும் விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் மட்டுமே உரியவை. நல்ல விலை கிடைக்கும் என்ற எண்ணத்தில் வீட்டைச் சுற்றுலா விடுதியாகவோ கடையாகவோ மாற்றுவது இந்த நிபந்தனையை மீறுவதாகும். இத்தகைய மீறல்களை முறைப்படுத்த 2023ஆம் ஆண்டு கேரள சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தச் சட்டத்துக்கு 2024 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் அளித்தார். ஆனால், சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பு நடந்தவற்றுக்கே அந்தச் சலுகை. இனி மாற்றுவோருக்கு அல்ல. மூணாறு வட்டாரக் கிராமங்களில் புதிய கட்டுமானத்துக்கு வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்றும் கேட்கப்படுகிறது.

ரசீதுகளும் வரியும்

வீட்டை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், கிடைக்கும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயமாகக் கருதப்படும். 2024 ஜூலை 23 முதல் இதற்கான வரி விகிதம் 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு எனில், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 சதவீதக் கணக்கையும் ஒப்பிட்டு, குறைவான வரியைச் செலுத்தலாம். புதிய அறை, மாடி போன்ற நிலையான மேம்பாட்டுக்கான செலவை லாபத்திலிருந்து கழிக்க முடியும். வழக்கமான பழுதுபார்ப்பு, வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்குப் பொதுவாக இந்தக் கழிவு கிடைப்பதில்லை. எனவே, மேஸ்திரிக்கு வழங்கும் தொகையை வங்கி வழியாகச் செலுத்தி ரசீது பெறுவது பயன் தரும்.

விற்பனைத் தொகை ரூ.50 லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்தால், வாங்குபவர் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்தம் செய்து வருமான வரித் துறைக்குச் செலுத்துவார். கேரளாவில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இவற்றை வாங்குபவரே ஏற்பது வழக்கம் என்பதால், பேரத்தின்போது அவர் இந்த 10 சதவீதத்தையும் மனதில் கணக்கிட்டே விலை கேட்பார்.