சமவுயரக் கோடும் லேசர் அளவையும்

ஒரே உயரமுள்ள நிலப்புள்ளிகளை இணைப்பது சமவுயரக் கோடு. வானூர்தியினின்று விடுத்த லேசர்த் துடிப்பு மீளுங் காலத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கிப் பாதியாக்கின் தொலைவு கிடைக்கும். ஊர்தியின் நிலையும் சாய்வும் அறிந்தவழி, அதனின்று புள்ளியின் உயரம் பெறுகிறோம். காட்டிலோ, துடிப்பின் ஒரு பகுதி இலையிற் பட்டும், இடைவெளி வழியே சென்றது நிலத்திற் பட்டும் மீளும். இடைச்செருகலை நீக்கி மூலபாடங் காண்பார்போல, இலைப்புள்ளிகளைக் களைந்த பின்னரே கோடு வரைதல் வேண்டும். 2012இல் கம்போடியாவின் குலேன் மலையில் இம்முறையால் அளந்தபோது, காடு மூடிய மகேந்திரபர்வத நகரின் தெருக்களும் மேடுகளும் புலப்பட்டன. கோடுகள் அழகுற அமைதற்பொருட்டுத் தரவினை மிகுதியும் மழுக்கின், அத்தகைய தாழ்ந்த மேடுகளே முதற்கண் மறையும். ஆதலின், கோட்டின் வனப்பினும் புள்ளியின் உண்மையே பேணத்தக்கது என்பது எம் துணிபு.