கண்டுபிடித்தவருக்குக் கைகொடுப்பவர்கள்

குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி, வழிவழியாக மண்பாண்டம் வனையும் குடும்பத்தில் பிறந்தவர். 2001 பூகம்பத்தில் உடைந்த பானையின் படத்தை வெளியிட்ட நாளிதழ் ஒன்று, அதை ஏழையின் ஃபிரிட்ஜ் என்று குறிப்பிட்டிருந்தது. அந்தச் சொல் அவர் மனதில் தங்கிவிட்டது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் பிறந்ததுதான் 'மிட்டிகூல்' என்ற களிமண் ஃபிரிட்ஜ். மின்சாரம் வேண்டாம். மேல் தொட்டியில் ஊற்றும் தண்ணீர் மண் சுவர் வழியே கசிந்து இறங்கி, ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். காய்கறிகள் சில நாட்கள் வாடாமல் இருக்கும்.

யோசனையும் உழைப்பும் அவருடையவை. ஆனால் வடிவமைப்பாளர், ஆய்வகம், காப்புரிமை, கடன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குயவர் எந்தக் கதவைத் தட்டுவார்? அந்தக் கதவுகளைத் திறந்துவிடுவதே இடைநிலை அமைப்புகளின் வேலை. மன்சுக்பாய்க்குத் துணைநின்றது, 1997இல் குஜராத்தில் தொடங்கிய 'கியான்' அமைப்பு.

இதன் வேர், அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் அனில் குப்தா 1980களின் இறுதியில் தொடங்கிய 'ஹனி பீ நெட்வொர்க்'. தேனீ தேனெடுப்பதால் பூவுக்கு நட்டமில்லை. மகரந்தம் சுமந்து பூக்களை இணைத்தும் வைக்கிறது. அதையே இவர்கள் விதியாக்கிக்கொண்டார்கள். மக்களிடம் பெற்ற அறிவை அவர்கள் பெயரோடு வெளியிட வேண்டும். அவர்கள் மொழியிலேயே திருப்பித் தர வேண்டும். வருமானம் வந்தால் பங்கு தர வேண்டும். மதுரையின் 'சேவா' அமைப்பு நடத்தும் 'நம் வழி வேளாண்மை' இதழ், அந்த விதியின் தமிழ் வடிவம்.

இந்த அனுபவத்தின் மேல் 2000இல் எழுந்தது, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவு பெற்ற தேசியப் புத்தாக்க அறக்கட்டளை. ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்வது, ஏற்கெனவே இருப்பதா என்று சரிபார்ப்பது, ஆய்வகத்தில் சோதிப்பது, கண்டுபிடித்தவர் பெயரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பிப்பது என்று வேலை படிப்படியாக நகரும். சிறு முதலீட்டுக்காக 2003இல் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியுடன் சேர்ந்து தனி நிதியும் உருவானது.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் மலிவுவிலை நாப்கின் இயந்திரமும் இந்த வழியில் வந்ததே. அவர் ஐஐடி மெட்ராஸை நாடினார், ஐஐடி அதை அறக்கட்டளையின் விருதுக்குப் பதிவு செய்தது, விருதும் கிடைத்தது.

தரகர் இரு தரப்பையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருந்து பிழைப்பவர். இந்த அமைப்புகள் இருவரையும் நேருக்கு நேர் அறிமுகப்படுத்துகின்றன. முதல் பானையை வனைந்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. மிட்டிகூலை உருவாக்கியவர் மன்சுக்பாய் என்று தெரியும்.