குழந்தைகள் நலக் குழுவின் ஆணையும் பெற்றோரின் உரிமையும்

பிள்ளைகள் பெற்றோரிடம் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதம் சில காலம் பிறர் பொறுப்புக்கு மாறும் நிலை எக்குடும்பத்துக்கும் நேரலாம். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி நெரிசலில் தவறிய குழந்தை, வீட்டாரோடு பிணங்கித் திருச்சி சந்திப்பில் வந்திறங்கிய சிறுவன், தாய் வேலைக்குச் சென்றிருக்கக் கவனிப்பாரற்றுக் கிடந்த பிள்ளை ஆகிய எவரும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்படலாம். அங்கிருந்து அழைப்பு வந்ததும், தண்டனை கிடைக்குமென அஞ்சி ஒதுங்கிவிடும் பெற்றோர் நம்மிடையே உண்டு. விசாரணையின் முடிவுகள் எவையென அறியாமையே இவ்வச்சத்தின் வேர்.

ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்டது இக்குழு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தை அதன்முன் நிறுத்தப்பட வேண்டும். சமூக விசாரணை அறிக்கை 15 நாட்களுக்குள் முடிய வேண்டும்; முதல்முறை நிறுத்தப்பட்டதிலிருந்து நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறக்க வேண்டும்.

‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்று ஆணையில் எழுதப்பட்டால், பலர் அதனைப் பெற்றோர் மீதான குற்றத்தீர்ப்பாகக் கருதுகின்றனர். அது குழந்தையின் நிலையைக் குறிக்கும் சொல்லேயன்றிப் பெற்றோரின் குற்றத்தைக் குறிப்பதன்று. அவ்வாறு அறிவித்தபின் குழு பிள்ளையைப் பெற்றோரிடமே திருப்பி ஒப்படைக்கலாம். மேற்பார்வை நிபந்தனையும் விதிக்கலாம். உற்றாரிடமோ, வளர்ப்புப் பராமரிப்பிலோ, இல்லத்திலோ சேர்க்கலாம், பொருளுதவிக்கும் பரிந்துரைக்கலாம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியென்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று.

இம்முறை நம் மரபுக்குப் புதியதன்று. கண்டெடுத்த குழந்தையொன்றை அபூ ஜமீலா என்பவர் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் கொண்டுவந்த நிகழ்ச்சி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. கலீஃபா முதலில் அவரை விசாரித்தார்கள். அவரை அறிந்தவர் நற்சாட்சி கூறக் கேட்டார்கள். அதன் பின்னரே குழந்தையை அவர் பொறுப்பில் விட்டு, செலவை அரசின் மீது ஏற்றார்கள். விசாரணை, சாட்சி, ஒப்படைப்பு, பராமரிப்புச் செலவு என நான்கு படிகளையும் அங்கே காண்கிறோம்.

பெற்றோர் ஒதுங்கிவிடுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கைவிடப்பட்டதாகக் கருதப்படும் குழந்தையின் பெற்றோரைத் தேடியும் காணாவிடில், இரண்டு வயது வரையுள்ள குழந்தையை இரண்டு மாதங்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதினரை நான்கு மாதங்களுக்குள்ளும் தத்துக்குரியவரென அறிவிக்கச் சட்டம் இடமளிக்கிறது. தாமே ஒப்படைத்த பெற்றோருக்கும் மறுபரிசீலனைக்கு இரண்டு மாதங்களே அவகாசம். ஆயின் கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தை பற்றிய இவ்விசாரணையின்போது பெற்ற தாய் தந்தையர் மீது முதல் தகவல் அறிக்கை பதியலாகாது என்று அதே சட்டம் தடுக்கிறது. எனவே அஞ்சி மறைபவர், இல்லாத வழக்குக்குப் பயந்து இருக்கும் பிள்ளையை இழக்க நேரும்.

தத்தெடுப்பால் வம்சம் மாறுவதை ஷரீஅத் ஏற்பதில்லை. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இதற்கு ஆதாரம். வம்சத்தை மாற்றாமல் வளர்க்கும் கஃபாலாவே நம் வழி. 2014ஆம் ஆண்டு ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், இளைஞர் நீதிச் சட்டவழித் தத்தெடுப்பு விருப்பத்துக்குரியதே, எவர் மீதும் கட்டாயமன்று என உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் பெற்றோர் முன்வராத குழந்தைக்கு அவ்வழி திறந்தே இருக்கிறது என்பதை மறத்தலாகாது.

ஆகவே அழைப்பு வந்தால் தாமதமின்றிச் செல்வதும், பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, பள்ளிச் சான்று ஆகியவற்றைக் கொண்டுசெல்வதும், படித்துப் பாராமல் எதிலும் ஒப்பமிடாதிருப்பதும், ஆணையின் நகலைக் கேட்டுப் பெறுவதும் பெற்றோரின் கடமை. ஆணை உவப்பில்லையெனில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும்.

திருச்சி ஜமாஅத்துகள் இவ்விஷயத்தில் ஒரு பணியை ஏற்கலாம். அழைப்பு வந்த வீட்டாருடன் எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்புவதே அது. அன்று கலீஃபாவின் முன் நற்சாட்சி கூறியவரைப் போல் இன்றும் ஒருவர் உடன் நின்றால், பல பிள்ளைகள் இன்ஷா அல்லாஹ் தம் வீடு திரும்புவர்.