கூர்முனையில் நிற்கும் கடன்

ஒரு பென்சிலை நன்றாகச் சீவி, கூர்முனை கீழே இருக்குமாறு மேசைமேல் நிறுத்த முயன்று பாருங்கள். கையை எடுத்ததும் விழுந்துவிடும். ஈர்ப்பு மையம் கூர்முனைக்கு நேர் மேலே இருந்தால் பென்சில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் மயிரிழை விலகினாலும் போதும். அந்த விலகலே அதனை மேலும் விலகச் செய்கிறது. இதை உறுதியற்ற சமநிலை என்று இயற்பியலில் சொல்கிறோம். கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டு இதற்கு நேர் எதிர். தள்ளிவிட்டாலும் அது பழைய இடத்துக்கே திரும்பி வரும்.

கடன் இவ்விரண்டில் எதைப் போன்றது? கோலிக்குண்டைப் போலவா, பென்சிலைப் போலவா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். புதுச் செல்போன் வேண்டுமென்று வீட்டில் கேட்கும் முன் ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

கணக்கைத் தொடங்குவோம்

ஒரு குடும்பத்தில் மருத்துவச் செலவுக்காகக் கிரெடிட் கார்டில் ரூ.30,000 கடன் ஏற்பட்டுவிட்டது என்று கொள்வோம். வட்டி மாதத்துக்கு 3 சதவீதம். ஊரில் ‘மூன்று வட்டி’ என்பார்களே, அந்த விகிதம்தான். மாதந்தோறும் அவர்களால் ரூ.1,500 கட்ட முடிகிறது. கணக்கு எளிதாக இருப்பதற்காக வரியையும் பிற கட்டணங்களையும் விட்டுவிடுவோம்.

முதல் மாத வட்டி ரூ.900. கட்டிய 1,500-இல் இது போக மீதி 600 ரூபாய்தான் கடனைக் குறைக்கிறது. கடன் இப்போது ரூ.29,400. அடுத்த மாத வட்டி ரூ.882. ஆகவே கடன் ரூ.618 குறைகிறது. அதற்கடுத்த மாதம் ஏறத்தாழ ரூ.637 குறைகிறது. 600, 618, 637 என்னும் எண்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட 3 சதவீதம் அதிகம். இப்படியே போனால் 31 மாதங்களில் கடன் தீர்ந்துவிடும். கட்டிய மொத்தம் சுமார் ரூ.46,500.

இதே குடும்பத்தின் கடன் ரூ.50,000 என்றால் என்ன ஆகும்? மாத வட்டி சரியாக ரூ.1,500. கட்டுவதும் ரூ.1,500. கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது, கூடவும் கூடாது. பத்து ஆண்டு கட்டினாலும் அதே 50,000 நிற்கும். பென்சிலின் கூர்முனை இதுதான்!

கூர்முனையிலிருந்து சற்றே விலகுவோம். கடன் ரூ.51,000 என்றால் மாத வட்டி ரூ.1,530. தவறாமல் 1,500 கட்டிவந்தாலும் கடன் ஏறிக்கொண்டே போகும். ரூ.49,000 என்றால் இறங்கும். இரண்டு பக்கமும் விதி ஒன்றே: கூர்முனையிலிருந்து கடன் எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த விலகல் மாதத்துக்கு 3 சதவீதம் வளர்கிறது. 24 மாதங்களில் அது இரு மடங்காகிவிடும். ஆகக் கடன் பென்சிலின் இனத்தைச் சேர்ந்தது, கோலிக்குண்டின் இனத்தை அன்று.

கூர்முனையைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. மாதம் கட்டும் தொகையை வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும். 1,500-ஐ 0.03-ஆல் வகுத்தால் 50,000.

செல்போனின் உண்மை விலை

இப்போது அந்த வீட்டுப் பிள்ளை புதுச் செல்போன் கேட்கிறான். விலை ரூ.19,000. ‘மாதம் கட்டுவதுதானே, அதோடு இதுவும் சேரட்டும்’ என்று அதே கார்டில் வாங்கிவிடுகிறார்கள். கடன் ரூ.49,000 ஆகிறது.

முன்பு கூர்முனையிலிருந்து ரூ.20,000 தள்ளி இருந்தார்கள். அந்த விலகல் 50,000 ஆக வளர்ந்தால் கடன் பூச்சியமாகும். அதாவது இரண்டரை மடங்கு. அதற்குத்தான் 31 மாதங்கள். இப்போது விலகல் வெறும் ரூ.1,000. அது ஐம்பது மடங்காக வேண்டும். அதற்கு 132 மாதங்களுக்கு மேல், அதாவது பதினோர் ஆண்டுகள் ஆகும்! கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ ரூ.1,98,000. முன்பு கட்டவேண்டியிருந்த 46,500-ஐக் கழித்துப் பாருங்கள். 19,000 ரூபாய் செல்போனுக்காக அந்தக் குடும்பம் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கிறது. பத்தாம் வகுப்பில் செல்போன் வாங்கிய மாணவன் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்தக் கடன் நின்றுகொண்டிருக்கும்.

‘வட்டியில்லாத் தவணையில் வாங்கினால்?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பூச்சிய சதவீத வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2013-ஆம் ஆண்டில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. வட்டி எங்கேனும் ஓரிடத்தில் ஒளிந்திருக்கும். இருந்தாலும் அப்படி ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ரூ.12,000 விலையுள்ள செல்போன். மாதம் 500 வீதம் 24 தவணை. கடனுக்குக் கட்ட மீதி 1,000 ரூபாய்தான் இருக்கிறது. உடனே கூர்முனை 50,000-இலிருந்து 33,333-க்கு இறங்கிவிடுகிறது. நம் 30,000 அதன் அருகில் வந்துவிடுகிறது. 24 மாதங்கள் கழித்துப் பார்த்தால் கடன் ரூ.26,557. செல்போன் வாங்காதிருந்தால் அப்போது ரூ.9,344 மட்டுமே இருந்திருக்கும். வித்தியாசம் ரூ.17,213. வட்டியில்லாத செல்போனுக்கும் வட்டி கட்டியாயிற்று!

ஆசை எங்கே பிறக்கிறது?

கணக்குத் தெரிந்தவர்களும் வாங்கிவிடுகிறார்களே, ஏன்? இதற்கு மூளையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துடிப்புடன் இயங்கின. பிறகு, சாறு வருமுன் ஒரு சைகை காட்டிப் பழக்கினார். பழகியபின் அணுக்கள் சைகையைக் கண்டதுமே துடித்தன. சாறு வாய்க்கு வந்தபோது துடிக்கவில்லை. சைகை வந்தும் சாறு வராதபோது வழக்கமான இயக்கமும் தாழ்ந்துவிட்டது. 1997-இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மான்டேகு ஆகிய மூவரும் இதற்கு விளக்கம் வெளியிட்டனர். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே இவ்வணுக்கள் தெரிவிக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு.

மனிதரின் ஆசை முழுவதும் இந்த அணுக்களுக்குள்தான் அடங்கியிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நம் அனுபவத்தோடு இது எவ்வளவு பொருந்துகிறது! விளம்பரம் பார்க்கும்போதும், பெட்டியைப் பிரிக்கும்போதும் இருக்கும் பரபரப்பு, மூன்றாம் மாதம் அதே செல்போனைக் கையில் எடுக்கும்போது இருப்பதில்லை. ஆசை காத்திருந்தால் தணியக்கூடியது. கடனோ காத்திருந்தால் வளரக்கூடியது. ஆகையால் காத்திருக்க வைக்க வேண்டியது ஆசையைத்தான்.

என்ன செய்யலாம்?

வாங்க விரும்பும் பொருளின் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முப்பது நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் அது வேண்டுமென்று தோன்றினால், எதற்கு வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘எல்லோரிடமும் இருக்கிறது’ என்பதைத் தவிர வேறு காரணம் வருகிறதா என்று பாருங்கள்.

கையில் இருக்கும் செல்போன் உண்மையிலேயே பழுதா என்பதையும் சோதியுங்கள். ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்பது பொதுவான குறை. லித்தியம் அயனி பேட்டரியைச் சில நூறு முறை முழுமையாக மின்னேற்றி இறக்கியபின், லித்தியத்தில் ஒரு பகுதி கிராஃபைட் மின்வாயின் மேல் படியும் மெல்லிய படலத்தில் சிக்கிக்கொள்கிறது. மின்னேற்பும் குறைந்துவிடுகிறது. தேய்ந்தது பேட்டரி மட்டுமே. திரையும் சில்லும் நன்றாகவே இருக்கும். பேட்டரியை மாற்ற ஆகும் செலவு, புதுச் செல்போன் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

ஒரு நாள் மாலை, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கடன் எவ்வளவு, வட்டி என்ன, மாதம் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். வகுக்கும் முறையை மட்டும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டுக் கூர்முனை எங்கே இருக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாதம் நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டினால் அந்த முனை எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: வட்டி மாதத்துக்கு 1 சதவீதம் என்றால், அதே ரூ.1,500 கட்டும் குடும்பத்துக்குக் கூர்முனை எங்கே? 30,000 ரூபாய்க் கடன் எத்தனை மாதங்களில் தீரும்? காகிதமும் பென்சிலும் எடுங்கள்!