மோட்டோஜிபி சாம்பியன்கள் ஓட்டிப் பழகிய இந்திய பைக்... மஹிந்திரா அணி ஏன் 7 சீசன்களில் கடையைக் கட்டியது?

2016 ஜூன் 26. நெதர்லாந்தின் அஸென் டிராக்கில் மோட்டோ3 ரேஸ். முதலில் கோட்டைத் தாண்டியவர் 19 வயது இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ பன்யாயா. அவர் ஓட்டியது மஹிந்திரா. உலக சாம்பியன்ஷிப் பைக் ரேஸில் இந்திய நிறுவனம் ஒன்று ஜெயித்தது அதுதான் முதல்முறை.

அடுத்த ஆண்டே அந்த அணி விடைபெற்றது. என்ன நடந்தது?

ஸ்கூட்டர், பைக் சந்தையில் புதிதாக நுழைந்திருந்த மஹிந்திராவுக்குப் பெயர் வேண்டியிருந்தது. இத்தாலியின் 'என்ஜின்ஸ் இன்ஜினீயரிங்' நிறுவனத்தைக் கைக்குள் கொண்டுவந்து, 2011-ல் 125சிசி பிரிவில் களமிறங்கியது. வேலன்சியாவில் நடந்த கடைசி ரேஸுக்கான தகுதிச்சுற்றில் டேனி வெப் முதலிடம். ஆரம்பமே அசத்தல்தான்!

ஆனால் அந்த ரேஸோடு 125சிசி பிரிவே முடிவுக்கு வந்தது. 2012 முதல் அதற்குப் பதிலாக மோட்டோ3. 250சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். எல்லோருக்குமே புது பைக் தேவைப்பட்டது. இத்தாலியின் ஓரல் நிறுவன இன்ஜினோடு வந்த மஹிந்திரா மொத்தமாகச் சொதப்பியது. வேறு நிறுவனமாக இருந்தால் அப்போதே மூட்டை கட்டியிருக்கும். மஹிந்திரா பழைய பைக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுவிட்சர்லாந்தின் சூட்டர் நிறுவனத்தோடு சேர்ந்து புதிதாக ஒன்றை உருவாக்கியது. இந்தக் கதையில் பாராட்ட வேண்டிய இடம் இதுதான். 2013-ல் மலேசியாவின் செபாங்கில் மிகேல் ஒலிவேரா மூன்றாமிடம் பிடிக்க, முதல் போடியம் கிடைத்தது.

2015-ல் ரேஸ் அணியை நடத்தும் பொறுப்பு ஸ்பெயினின் ஆஸ்பார் அணிக்குப் போனது. பைக் மட்டும் மஹிந்திராவுடையது. 2016-ல் அஸெனுக்குப் பிறகு செபாங்கிலும் பன்யாயா ஜெயித்தார். இடையில் புர்னோவில் பெஜோ பைக்கில் ஜான் மெக்ஃபீ முதலிடம். பெஜோவின் டூவீலர் பிரிவு அப்போது மஹிந்திரா வசம்தான். ஸ்டிக்கர்தான் வேறு, பைக் ஒன்றுதான். அதே ரேஸில் மஹிந்திராவில் இரண்டாமிடம் வந்தவர் ஹோர்ஹே மார்ட்டின்.

இந்தப் பெயர்களை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கா? பன்யாயா 2022, 2023 மோட்டோஜிபி சாம்பியன். மார்ட்டின் 2024 சாம்பியன்.

பிறகு ஏன் விலகியது? ஃபார்முலா இ எனும் எலெக்ட்ரிக் கார் ரேஸில் கவனம் செலுத்தப்போவதாகச் சொல்லி, 2017 சீசனோடு மஹிந்திரா வெளியேறியது. அந்தத் தொடரில் 2014-ல் தொடங்கிய முதல் சீசனிலிருந்தே அதற்கு அணி உண்டு. இன்னொரு பக்கம், 2015-ல் வந்த 'மோஜோ' பைக் பல்சர், அப்பாச்சி மாதிரி தெருவுக்குத் தெரு ஓடவில்லை. டிராக்கில் வாங்கிய கோப்பையால் ஷோரூமில் கூட்டம் கூடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஜெயித்த பைக் இந்திய நிறுவனத்துடையது, ஓட்டியவர்கள் ஐரோப்பியர்கள். சென்னை வீரர் சரத்குமார் 2011-ல் 125சிசி உலகத் தொடருக்குப் போனார். அவர் ஓட்டியதோ ஏப்ரிலியா. ஐரோப்பியப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே மினி பைக்கில் டிராக்கில் இறங்கிவிடுகிறார்கள். புதுக்கோட்டையில் பைக் பைத்தியம் பிடித்த ஒரு பையனுக்கு டிராக் என்றால் இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டும்.