முதுகில் சுமப்பதா, கல்லைக் காட்டுவதா?

குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்திருப்பவர்களிடம் ஆற்றைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். எமக்குக் கடல் உண்டு, ஆறு இல்லை. ஆனாலும் ஆபிரிக்கக் கிராமத் தலைவர்களின் பயிற்சியில் பயன்பட்ட ஓர் ஆற்று நாடகம் எமது சங்கங்களுக்கு நன்கு பொருந்துகிறது.

1970களில் கென்யாவில் தென்னாபிரிக்கரான ஆன் ஹோப்பும் அமெரிக்கரான சாலி டிம்மலும் இப்பயிற்சியை வளர்த்தெடுத்தனர். பிரேசில் கல்வியாளர் பாவுலோ பிரேயரின் சிந்தனையே அதற்கு அடிப்படை. அவர்களது பயிற்சி நூல்கள் 1984இல் சிம்பாப்வேயில் வெளிவந்தன. சொற்பொழிவு குறைவு. படமோ நாடகமோ காட்டி, "என்ன கண்டீர்கள்? ஏன் இப்படி நடந்தது? உங்கள் ஊரிலும் நடக்கிறதா?" என்று கேட்பதே முறை.

நாடகத்தில் பேச்சில்லை. நிலத்தில் கீறிய இரு கோடுகள் கரைகள். காகிதத் துண்டுகள் மிதிகற்கள். நடுவில் ஒரு தீவு. கடக்க அஞ்சி இருவர் நிற்கின்றனர். வழி தெரிந்த ஒருவர் வந்து அவர்களில் ஒருவரை முதுகில் சுமக்கிறார். பாதி வழியில் களைத்து அவரைத் தீவில் இறக்கிவிடுகிறார். மற்றவரைச் சுமக்க மறுத்து, கையைப் பிடித்துக் கற்களைக் காட்டுகிறார். சிறிது தூரத்தில் அவர் தானாகவே நடக்கப் பழகுகிறார். இருவரும் மகிழ்ச்சியோடு அக்கரை சேர்கின்றனர். தீவில் நிற்பவர் கையசைக்கிறார்; எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1991இல் புங்குடுதீவை விட்டுப் புறப்பட்ட குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரணப் பட்டியலை ஒருவர் எழுதினார், அவரே எல்லோருக்காகவும் பேசினார். அவசரத்துக்கு அது தேவைப்பட்டது. ஊர் திரும்பிய பின்பும் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் அப்பழக்கம் தொடர்வதை நாம் காண்கிறோம். தலைவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எந்தக் கிணற்றை முதலில் துப்புரவாக்குவது, உழவு இயந்திரம் முதலில் எந்தக் காணிக்குப் போவது என்பவற்றை அவர் தனியே தீர்மானித்தால், ஊரில் இல்லாத குடும்பத்தின் காணி கடைசியாகவே நினைவுக்கு வரும்.

2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் வேலணைப் பிரதேச சபையில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. அக்காலத்தில் கேள்வி கேட்க எஞ்சியிருந்த இடம் சங்கக் கூட்டமே.

ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில் யாப்பையும் கணக்கையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பின்வரிசையில் இருக்கும் பெண்கள் முதலில் கேட்கட்டும். இன்னும் வெளியூரில் இருப்பவர்கள், உறுப்பினர் ஏட்டில் தமது பெயர் உள்ளதா என்று செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். கூட்டத் திகதியை முன்கூட்டியே அறிவிக்கும்படியும், யாழ்ப்பாணத்துக்கான கடைசி பஸ் புறப்படுமுன் கூட்டத்தை முடிக்கும்படியும் அதே கடிதத்தில் எழுதலாம்.