அறுகம்புல் புற்றரை

அறுகம்புல் புற்றரை என்பது வீட்டு முற்றத்தில் அறுகம்புல்லை அடர்த்தியாக வளர்த்து, வெட்டிப் பேணப்படும் பசுந்தரை ஆகும். சைனோடான் டாக்டிலான் என்பது இப்புல்லின் அறிவியற் பெயர். இது ஓடுதண்டுகளாலும் மண்ணடித் தண்டுகளாலும் பரவி வெற்றிடங்களைத் தானே மூடிக்கொள்ளும். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் நிழலில் நலியும். எனவே மரத்தடிக்கு ஏற்றதன்று.

விதைத்தல்

மண்ணின் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்கு மேல் உள்ள காலமே விதைப்புக்கு உகந்தது. களைகளையும் கற்களையும் அகற்றி, மண்ணைக் கொத்திச் சமப்படுத்த வேண்டும். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் விதை போதும். விதை மிகச் சிறியதாகையால் மணலுடன் கலந்து, பாதியை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவினால் சீராகப் பரவும். ஆழப் புதைந்த விதையின் சேமிப்புணவு, முளை வெளிவருமுன்னரே தீர்ந்துவிடும். ஆகவே 5 மில்லிமீட்டருக்கு மேல் மண் மூடலாகாது.

பராமரிப்பு

முளைக்கும் வரை மேல்மண் உலராதவாறு பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். முளைப்பு ஒன்று முதல் மூன்று வாரங்களில் நிகழும். பின்னர் இடைவெளி விட்டு, ஆழ நனையுமாறு நீர் பாய்ச்சினால் வேர் கீழிறங்கும். ஒரு முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது.

கலப்பின வகைகள்

டிஃப்வே போன்ற கலப்பினங்கள் மும்மடியங்கள் ஆதலால் முளைக்கும் விதை தருவதில்லை. அவை தண்டுத் துண்டுகளைக் கொண்டே நடப்படுகின்றன.